ஓமலூரில் ஒரு காற்றுத் துப்பாக்கிக் கழகம்

(ஓமலூரில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் இம்மன்றத்திற்குப் புதியது. கல்வி நிதி, மாணவர் விடுதி, கலியாணச் செலவைக் குறைத்தல் என்பன பற்றியே இம்மேடையில் பலரும் பேசக் கேட்டிருக்கிறோம். யாமோ துப்பாக்கியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அழைப்பிதழைக் கண்ட பெரியவர் ஒருவர் எம்மை வாயிற்படியிலேயே நிறுத்தி, “நமக்கு இது எதற்குத் தம்பி? ஊர் அமைதியாய் இருப்பது பொறுக்கவில்லையா?” என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

எம் நண்பர் குழாம் ஆறு பேரைக் கொண்டது. பள்ளி ஆசிரியர் இருவர், உழவர் ஒருவர், மோட்டார் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், மருந்துக் கடைக்காரர் ஒருவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். இவருள் நம் குலத்தார் இருவரே. ஏனைய நால்வரும் பிற குலத்தினர். இதனை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். காரணம் பின்னர் விளங்கும். காற்றுத் துப்பாக்கியால் காகித இலக்கைச் சுட்டுப் பழகும் கழகம் ஒன்றை நம்மூரில் தொடங்கல் வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

காற்றுத் துப்பாக்கி யாது? திருவிழாக் காலத்தில் பலகையில் பலூன்களை வரிசையாகக் கட்டி வைத்துக் காசுக்குச் சுடவிடும் கடையை அறியாதார் இலர். கடைக்காரர் குழலை மடக்கி, ஒரு சிறு ஈயக்குண்டை இட்டு, நிமிர்த்திக் கொடுப்பார். குழலை மடக்கும்போது உள்ளே ஒரு சுருள்வில் அமுங்குகிறது. விசையை இழுத்தவுடன் அச்சுருள் விடுபட்டு ஓர் உந்துதண்டை முன்னே தள்ள, அது காற்றை நெருக்கிக் குண்டை வெளியே செலுத்துகிறது. மருந்தில்லை, நெருப்பில்லை. குண்டு உடுக்கையைப் போல் இடை சிறுத்தது. ஏறக்குறைய அரைக் கிராம் எடையுள்ளது. பெரிய போட்டிகளில் வழங்கும் துப்பாக்கிகளில் சுருள்வில்லுக்குப் பதிலாக அழுத்தக் காற்றை முன்னரே அடைத்த உருளை இருக்கும். ஆதலின் சுடும்போது அதிர்வு மிகக் குறைவு.

அப்படியாயின் இது பொம்மைதானே எனின், அன்று. நம்மூர்க் கோட்டையின் பொருட்டு மைசூராரும் ஆங்கிலேயரும் பொருத அதே நூற்றாண்டில், 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆஸ்திரியப் படையினர் ஜிரார்டோனி என்பார் அமைத்த காற்றுத் துப்பாக்கியைப் போருக்கே கைக்கொண்டனர். இக்காலத்துச் சிறு துப்பாக்கியும் ஒரு குழந்தையின் கண்ணைப் போக்க வல்லது. பெரியவரின் கேள்வியை யாம் நியாயமென்றது இதனாலேயே.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறுகின்றோம். எமக்குப் பதினான்கு வயதிருக்கும்போது உறவினர் ஒருவர் வீட்டில் இத்தகைய துப்பாக்கி ஒன்று இருந்தது. அதனை எடுத்துக்கொண்டு சரபங்கா நதிக்கரைக்குச் சென்றோம். புளியமரத்தின் பின் மறைந்து நின்று, எதிர்க் கிளையில் அமர்ந்திருந்த மைனா ஒன்றைச் சுட்டோம். அது உடனே இறக்கவில்லை. ஒரு சிறகை மட்டும் அடித்துக்கொண்டு மணலில் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் துணை கிளையிலிருந்து கத்திய கத்தல் இன்றும் எம் செவியில் இருக்கின்றது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் சிற்பத்தை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். இராமன் நிற்குமிடத்திலிருந்து நோக்கின் வாலி தெரிவான். வாலி நிற்குமிடத்திலிருந்து நோக்கின் இராமன் தெரியான். அதனைச் சிற்பியின் திறம் என்று சிறு வயதில் வியந்தோம். மைனாவைச் சுட்ட பின்னரே, மறைந்து எய்வதன் வழக்கு முழுவதும் அக்கல்லில் இருப்பதை உணர்ந்தோம்.

இந்நாளில் அச்செயல் குற்றமுமாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மைனா, பச்சைக்கிளி, கவுதாரி முதலியவற்றை வேட்டையாடுதல் கூடாது. ஆயினும் நாட்டில் காற்றுத் துப்பாக்கியை வாங்குவோர் பலர் அதனைப் பறவைமீதே திருப்புகின்றனர். அருணாசலப் பிரதேசத்தில் இக்கேடு மிகுந்தமையின், 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லும்டுங் என்னும் சிற்றூரில் துப்பாக்கியை ஒப்படைக்கும் இயக்கம் ஒன்று தொடங்கிற்று. மக்கள் தாமே முன்வந்து ஆயிரக்கணக்கில் ஒப்படைத்தனர். துப்பாக்கியை ஒப்படைத்தல் ஒரு வழி. அதற்குத் தக்க இலக்கைக் கொடுத்தல் மற்றொரு வழி. யாம் இரண்டாவதை வேண்டுகின்றோம்.

அவ்விலக்கு எத்தகையது? சுடுவோன் நிற்கும் கோட்டிலிருந்து இலக்கு வரை 10 மீட்டர். ஏறக்குறைய 33 அடி. ரைஃபிள் இலக்கின் முழு விட்டம் 45.5 மில்லிமீட்டர், அதன் நடுவே பத்து மதிப்பெண் பெறும் புள்ளி 0.5 மில்லிமீட்டர் மட்டுமே. பேனா முனையால் ஒருமுறை தொட்டு வைத்த புள்ளி என்க. கைத்துப்பாக்கியை ஒரே கையால் நீட்டிச் சுட வேண்டுதலின் அதன் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டராகப் பெரிதாக்கப்பட்டுள்ளது. பெரிய போட்டியில் ஆடவரும் பெண்டிரும் அறுபது குண்டுகள் சுடல் வேண்டும். மின்னணு இலக்காயின் அதற்குரிய காலம் 75 நிமிஷம்.

அந்த 75 நிமிஷத்தில் நிகழ்வது யாது? நெஞ்சு துடிக்குந்தோறும் குழல்முனை அசையும். மூச்சை இழுத்தால் முனை ஏறும், விட்டால் இறங்கும். ஆதலின் பாதி மூச்சை விட்டு, எஞ்சியதைச் சில வினாடி நிறுத்தி, அந்த அமைதியில் விசையை மெல்ல அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் குண்டு விலகும். சினம் கொண்டவன் சுட முடியாது. முந்திய குண்டு தவறிற்றே என்று வருந்துகிறவனும் சுட முடியாது. கைப்பேசியில் ஒரு நிமிஷத்திற்கு ஒன்பது காட்சி மாற்றும் நம் பிள்ளைகளுக்கு ஒரு புள்ளியை ஒரு மணி நேரம் நோக்கும் பழக்கம் எத்துணைப் பயன்படும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம் சேலம், நாமக்கல் நாட்டிற்கு இக்கலை புதிதன்று. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஓர் அம்பு ஐந்து விலங்குகளை ஊடுருவிச் சென்றதாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் உள்ளது. ஆடி மாதந்தோறும் அவனுக்கு விழா எடுக்கிறோம். அவனுடைய கூர்த்த நோக்கை நாம் மேற்கொள்வோம். விலங்கை மட்டும் விட்டுவிடுவோம்.

இது செல்வர் விளையாட்டு என்பார் சிலர். ஒருவகையில் உண்மையே. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ரைஃபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்குத் தம் வீட்டிலேயே பயிற்சிக் கூடம் இருந்தது. ஒலிம்பிக் வீரர் கையாளும் துப்பாக்கி இலட்சத்துக்கு மேற்பட்ட விலையுள்ளது. சென்னையிற் பிறந்த ககன் நாரங் 2012-இல் வெண்கலம் பெற்றார். கடலூரிற் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ நகரத்து உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் காற்றுக் கைத்துப்பாக்கியில் தனியாக ஒன்றும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து ஒன்றும் ஆக இரண்டு வெண்கலம் பெற்றார். இவர்களைக் கண்டு மகிழலாம். ஆனால் ஓமலூர் பின்பற்றத் தக்கது வேறோர் ஊர்.

உத்தரப் பிரதேசத்தில், கரும்பு விளையும் பாக்பத் மாவட்டத்தில், ஜோஹ்ரி என்றொரு கிராமம் உள்ளது. அங்கே 1990-களின் இறுதியில் டாக்டர் ராஜ்பால் சிங் என்பார் ஊர்ப் பிள்ளைகளுக்காக எளிய துப்பாக்கிப் பயிற்சிக் களம் ஒன்றைத் தொடங்கினார். 1999-ஆம் ஆண்டில் சந்திரோ தோமர் என்னும் அம்மையார் தம் பேத்தியை அங்கே அழைத்துச் சென்றார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது கடந்துவிட்டது. பேத்தி தயங்கி நின்றபோது தாமே கைத்துப்பாக்கியை வாங்கிச் சுட்டுக் காட்டினார். குண்டு குறியிற் பட்டது. அதன்பின் அவரும் பழகத் தொடங்கினார். முக்காடிட்டு வாழ்ந்த குடும்பப் பெண். வீட்டு ஆடவர் அறியின் தடுப்பர் என்று அஞ்சி, இரவில் நீர் நிறைந்த செம்பைக் கையில் ஏந்தி நீட்டி நின்று கை நடுக்கத்தைப் போக்கிக்கொண்டார். அவர் ஓரகத்தியாகிய பிரகாஷி தோமரும் உடன் சேர்ந்தார். இருவரும் மூத்தோர் போட்டிகளில் பல பரிசுகள் பெற்றனர். பிரகாஷியின் மகள் சீமா தோமர் 2010-இல், வானில் எறியும் தட்டைச் சுடும் உலகக் கோப்பைப் போட்டியில் வெள்ளி வென்றார். சந்திரோ அம்மையார் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் காலமானார். ஒரு கிராமத்துக் களம், அக்கிராமத்துப் பெண்கள் வீதியில் நடக்கும் விதத்தையே மாற்றியது.

இனி, நாம் செய்யத் தக்கதைக் கூறுவோம். நம் சங்கக் கட்டடத்தின் பின்புறத் தாழ்வாரம் அறுபதடி நீளமுள்ளது. அதன் கடைசியில் கதவோ சன்னலோ இல்லாத கருங்கற் சுவர் உள்ளது. அதன் முன் சாய்வான இரும்புத் தகடு வைத்த பெட்டிகளை நிறுத்தினால், குண்டு தகட்டில் மோதிக் கீழே வீழ்ந்து பெட்டியிலேயே தங்கும். இலக்கின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். நான்கு இலக்குகள் போதும். துப்பாக்கிகளும் இரண்டு ரைஃபிள், இரண்டு கைத்துப்பாக்கி என நான்கே. பட்டறை நண்பர் பெட்டிகளைத் தம் செலவில் செய்து தருவதாகக் கூறியுள்ளார். 1900-ஐ அடுத்த ஆண்டுகளில் பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர், சாராயக் கடைகளின் கூடத்தில், நடுவே துளையிட்ட இரும்புத் தகட்டின் பின் மணியைக் கட்டிச் சுட்டுப் பழகினர். குண்டு துளையிற் புகுந்தால் மணி ஒலிக்கும். சாராயத்தை விடுத்து மணியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். சிறுவர்க்கு மிகவும் பிடிக்கும்.

சட்டம் யாது எனின், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை. ஆயினும் உரிமம் வேண்டாமை கவலை வேண்டாமை ஆகாது. ஒவ்வொரு துப்பாக்கியின் விவரத்தையும் யாமே எழுதிக் காவல் நிலையத்தில் கொடுப்போம். பிள்ளைகள் போட்டிக்குச் செல்லும் நிலை எய்தினால், தமிழ்நாடு துப்பாக்கிச் சுடுதல் சங்கத்தோடும், 1951-இல் தோன்றிய தேசிய ரைஃபிள் சங்கத்தோடும் தொடர்பு கொள்வோம்.

களத்தின் விதிகள் சில. குழல்முனை எப்போதும் இலக்கை நோக்கியே இருத்தல் வேண்டும். குறி பார்க்கும் வரை விரல் விசையைத் தொடலாகாது. கட்டளையிடுவோர் ஒருவரே, அவர் நிறுத்துக என்றவுடன் அனைவரும் நிறுத்தல் வேண்டும். எல்லாத் துப்பாக்கியும் வெறுமையாகித் தரையில் வைக்கப்பட்ட பின்னரே எவரும் கோட்டைத் தாண்டலாம். கண்ணாடி அணியாதவர் உள்ளே வரலாகாது. குண்டு ஈயமாதலின், கை கழுவாமல் எதனையும் உண்ணலாகாது. பயிற்சி முடிந்தபின் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கும். எவர் வீட்டிற்கும் செல்லாது. பறவையைச் சுட்டவர் எவராயினும் அன்றே நீக்கப்படுவர்.

இப்பொழுது பெரியவரின் கேள்விக்கு வருகின்றோம். அவர் அஞ்சியது குண்டை மட்டுமன்று என்பதை யாம் அறிவோம். ஒரு குலத்தாரின் சங்கத்தில் துப்பாக்கி வந்தது என்னும் செய்தி மறுநாள் ஊரெங்கும் பரவும். மற்றொரு குலத்தார், அவர்களுக்கு எதற்கு என்று கேட்பர். பின்னர் நமக்கும் வேண்டும் என்பர். நம் இளைஞர் ஒருவர் துப்பாக்கியை ஏந்திய படத்தைக் கலியாண வீட்டு ஃபிளெக்ஸ் பலகையில் அச்சிட்டு நாற்சந்தியில் நிறுத்துவார். அதன்பின் நிகழ்வதற்குத் துப்பாக்கியே வேண்டுவதில்லை. கல்லும் கழியும் போதும். இதனை இம்மேடையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

ஆதலின் சங்கத்திடம் யாம் கேட்பது இடம் மட்டுமே, பெயரை அன்று. கழகத்தின் பெயர் ஊரின் பெயராகவே இருக்கும். எல்லாக் குலத்தாரும், எல்லாச் சமயத்தாரும், பெண் பிள்ளைகளும் அதில் சேரலாம். நிர்வாகத்தில் நம் குலத்தார் பாதிக்கு மேல் இருத்தல் கூடாது என்பதை விதியாகவே எழுதியுள்ளோம். துப்பாக்கியுடன் படம் எடுத்தல் களத்தில் கூடாது. நம் சங்கத்தின் கொடியும் துப்பாக்கியும் ஒரே சுவரில் தொங்கல் ஆகாது. நம் முன்னோர் கட்டிய தாழ்வாரத்தில், நம் வீட்டுப் பிள்ளையும் அடுத்த தெருப் பிள்ளையும் அருகருகே நின்று, ஒருவரை ஒருவர் நோக்காமல், எதிரே உள்ள ஒரே அளவான புள்ளியை நோக்கட்டும். பக்கத்தில் நிற்பவனை நம்பாதவன் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டுக் கோட்டைத் தாண்ட முடியாது. அந்த நம்பிக்கையே யாம் தொடங்க விரும்பும் கழகம்.

ஞாயிறுதோறும் காலை 7 மணி முதல் 10 மணி வரை, ஓராண்டுக்கு, அத்தாழ்வாரத்தைத் தந்து உதவுமாறு நிர்வாக சபையாரை வேண்டுகின்றோம். ஓராண்டு கழித்து வந்து பாருங்கள். தீமை கண்டால் மூடிவிடுங்கள். இவ்விதிகளோடு தர இயலாது எனின் வருந்தமாட்டோம், வேறிடம் தேடுவோம். விதிகளைத் தளர்த்தித் தருவதாயின் மட்டும் அதனைப் பெற்றுக்கொள்ளமாட்டோம்.

வாயிற்படியில் எம்மை நிறுத்திய பெரியவர் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். தமக்கு வயது எழுபத்திரண்டு என்று கூறினார். சந்திரோ அம்மையார் தொடங்கிய வயதிற்கு இது சிறிதே மிகுதி. சபையார் இடம் தந்தால், முதல் ஞாயிற்றுக்கிழமை முதற் குண்டை அவரே சுட்டுத் தொடங்கி வைத்தல் வேண்டும் என்று பணிவுடன் அழைக்கின்றோம்.