மீட்டர் இல்லாத மோட்டார்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாளர்: மின்னியல் துறை, 2011-ஆம் ஆண்டு பேட்ச்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பொருளாதாரம் பற்றி இருபது நிமிஷம் பேசணும்" என்றார். "சார், நான் ட்ரிபிள்-ஈ. அதிலும் மெஷின்ஸ் பேப்பரை ரெண்டாவது அட்டெம்ப்டில் பாஸ் பண்ணவன்" என்றேன். "நீ பம்ப்செட் ஆடிட் பண்றவன்தானே, அதைப் பேசு. அதுவும் பொருளாதாரம்தான்" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. விவசாயம், மின்சாரம், கடன், ஒரு வட்டாரத்தின் வளர்ச்சி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்க வேண்டும் என்றால், அது எங்கள் தோட்டத்து மோட்டார் ரூம்தான்.

என் ஊர் அவிநாசிப் பக்கம். எங்க அப்பாரு காலத்தில் 60 அடிக் கிணறு. முதலில் மாடு பூட்டி கவலை இறைத்தார்கள். பிறகு கரண்டு வந்தது. கொங்கு நாட்டுக்குக் கரண்டு வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்தது. அந்த மின்சாரம் கோவைக்கு இறங்கியது. மில்கள் வந்தன. மில்லுக்கு மோட்டார் வேண்டும், தோட்டத்துக்கும் மோட்டார் வேண்டும். வார்ப்படப் பட்டறை, லேத் பட்டறை, காயில் கட்டும் கடை என்று ஒவ்வொன்றாக முளைத்தது. இன்று நாடு முழுக்க ஓடும் பம்புகளில் பெரும்பங்கு கோவையில் செய்தது. போர் போடும் ரிக் வண்டி எந்த மாநிலத்தில் நின்றாலும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், திருச்செங்கோட்டு வண்டியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆற்றுப் பாசனம் குறைவான ஒரு வறண்ட பூமி, பாதாளத்துத் தண்ணீரை மேலே ஏற்றி, அதில் வந்த பணத்தைப் பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் போட்டு வளர்ந்தது. வட்டார வளர்ச்சி என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

மின்கட்டணம் என்பது இங்கே ரத்தம் சிந்திய விஷயம் என்பதையும் மறக்கக்கூடாது. 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கட்டண உயர்வை எதிர்த்து மாட்டுவண்டிகளைக் கொண்டு கோவைச் சாலைகளை அடைத்தார்கள். அந்தப் போராட்டங்களில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிர் விட்டார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. 2003-இல் மறுபடி கட்டணம் வந்தது. 2004 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த கையோடு அது போய்விட்டது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. ஆகவே ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு "இலவசத்தை நிறுத்து" என்று சொல்வது எளிது. நான் அதைச் சொல்ல வரவில்லை. மோட்டார் ரூமுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

தம்பிகளே, இது உங்கள் பிளஸ் டூ பிசிக்ஸ்தான். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் வேலை. நம் தோட்டங்களில் ஓடும் பம்ப்செட்டின் மொத்தத் திறன் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அளந்த பல மோட்டார்கள் அதைக்கூடத் தொடவில்லை. அந்தக் கணக்கில் ஒரு யூனிட் மின்சாரம் 60 அடியிலிருந்து சுமார் 6,000 லிட்டர் தண்ணீரை ஏற்றும். அதே ஒரு யூனிட் 800 அடியிலிருந்து சுமார் 450 லிட்டர்தான் ஏற்றும்.

இன்னும் கொஞ்சம் போவோம். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர். அப்பாரு கிணற்றில் அதுக்கு 34 யூனிட் போதும். 800 அடி போரில் 450 யூனிட்டுக்கு மேல் வேண்டும். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்றே வையுங்கள். அன்று 170 ரூபாய் வேலை, இன்று 2,250 ரூபாய்க்கு மேல். அதுவும் ஒரு தடவை தண்ணி கட்ட. இந்தப் பணத்தை விவசாயி கட்டுவதில்லை. அரசு மானியமாகக் கட்டுகிறது. மானியம் எட்டாத மிச்சத்தை மின்வாரியக் கடனும், அதிகக் கட்டணம் கட்டும் தொழிற்சாலைகளும் சுமக்கின்றன. அதாவது, எங்கள் தோட்டத்துக்கு மோட்டார் செய்து தருகிற பட்டறைக்காரர், அந்த மோட்டார் ஓடுகிற கரண்டுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

சரி, விவசாயிக்காவது முழு லாபமா? இங்கேதான் என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை மேடையில் சொல்வது இதுதான் முதல் தடவை.

2013 கோடை. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். ஊரில் கடும் வறட்சி. எங்கள் 350 அடி போரில் கம்ப்ரசர் போட்டால் காற்றுதான் வந்தது. அப்பா தயங்கினார். நான்தான் ஊருக்குப் போய், "800 அடி போடலாம்ப்பா. மோட்டார் நானே செலக்ட் பண்ணித் தர்றேன்" என்றேன். இன்ஜினியர் மகன் சொன்னால் எந்த அப்பா மறுப்பார்? அம்மாவின் நகை அடகுக்குப் போனது. அதுவும் போதாமல் வெளியில் வட்டிக்கு வாங்கினோம். 720 அடியில் தண்ணி பீறிட்டது. ஹெட் கணக்கு, கேபிள் சைஸ், ஸ்டேஜ் எண்ணிக்கை எல்லாம் கச்சிதமாகப் போட்டு சப்மெர்சிபிள் இறக்கினேன். கூடவே ஒரு ஆட்டோ ஸ்டார்ட்டர். ராத்திரி எத்தனை மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தாலும் மோட்டார் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஊரே வந்து பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவின் 400 அடி போர் நின்றுபோனது. அவருடைய தென்னைகள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்துக் குருத்து சாய்ந்தன. என் மோட்டார்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் நிரூபணம் இல்லை. எங்கள் பூமி கருங்கல் பூமி. பாறை வெடிப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று யார் கண்டது? ஆனால் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்து சொன்னார்: "கரண்டு உனக்கும் சும்மா, எனக்கும் சும்மா கண்ணு. கடன் வாங்கற தெம்புதான் எனக்கு இல்லாமப் போச்சு."

நான் படித்த எந்தப் பொருளாதாரப் புத்தகமும் எனக்கு இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை. கரண்டு எல்லோருக்கும் இலவசம். ஆழத்துக்குப் போவதுதான் காசு. யார் அடுத்த 200 அடிக்குக் கடன் வாங்க முடியுமோ அவருக்குத் தண்ணீர். பெரிய மோட்டார் வைத்தவருக்குப் பெரிய மானியம். சின்ன மோட்டாருக்குச் சின்ன மானியம். மானாவாரிக்காரருக்கு ஒன்றுமே இல்லை. பெரியப்பா இரண்டே வருஷத்தில் பாதி நிலத்தை விற்றார். அங்கே இப்போது சைட் கல் நட்டிருக்கிறது.

எங்கள் கதையும் சுபமாக முடியவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை படுமோசமாகப் பொய்த்தது. 2017 சித்திரையில் எங்கள் 800 அடியும் நின்றது. கடன் நிற்கவில்லை. நகையை மீட்டு முடித்தது என் சம்பளத்தில், அடுத்த மூன்று வருஷத்தில். அப்பா இப்போது சோளமும் நாலு மாடுகளுமாகப் பண்ணையம் பார்க்கிறார்.

அதன் பிறகுதான் நான் பம்ப்செட் ஆடிட் வேலைக்கே வந்தேன். பல மாநிலங்களில் என்ன செய்து பார்த்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

குஜராத்தில் 2003 முதல் 2006 வரை ஜோதிகிராம் திட்டம். ஊருக்குத் தனி ஃபீடர், தோட்டத்துக்குத் தனி ஃபீடர் என்று பிரித்தார்கள். ஊருக்கு 24 மணி நேரமும் மின்சாரம். தோட்டத்துக்குத் தினம் 8 மணி நேரம், ஆனால் நல்ல வோல்ட்டேஜில், சொன்ன நேரத்தில். வோல்ட்டேஜ் சரியானதால் மோட்டார் எரிவது குறைந்தது. இத்திட்டத்தை ஆராய்ந்த துஷார் ஷா போன்றவர்கள் இதன் நன்மையைச் சொன்னார்கள். அதே ஆய்வில், தண்ணீரை விலைக்கு வாங்கிப் பயிர் செய்த குத்தகைக்காரர்கள் அடிபட்டதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

பஞ்சாபில் 2018-இல் "தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி" என்ற பொருளில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். இலவசத்தை எடுக்கவில்லை. ஒரு அளவு யூனிட் உனக்கு உரிமை. அதில் மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் உன் கணக்கில் வரும் என்றார்கள்.

மூன்றாவது, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற சின்ன ஊர். அங்கே சில விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து சோலார் பம்ப் வைத்து, தண்ணி இறைத்தது போக மிச்ச மின்சாரத்தை 2016 முதல் கிரிட்டுக்கு விற்றார்கள். வெயிலும் ஒரு வெள்ளாமை ஆயிற்று.

இதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம். மோட்டாரை நிறுத்தினால் விவசாயிக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். இன்று நிறுத்தினால் அவருக்கு என்ன கிடைக்கிறது? அவர் விட்ட தண்ணீர் பக்கத்துக்காரருக்குப் போகும், அவ்வளவுதான். அதனால் ராத்திரி பூரா ஆட்டோவில் ஓடுகிறது. விவசாயி பேராசைக்காரர் என்பதால் இல்லை. நிறுத்துகிறவர் ஏமாளி ஆகிவிடுகிறார் என்பதால். நிறுத்துகிறவருக்கு அந்த யூனிட்டின் காசு வந்தால், அதே விவசாயி ஸ்டார்ட்டரைத் தானே அணைப்பார். சொட்டு நீரும் போடுவார், நல்ல மோட்டாரும் வாங்குவார்.

ஆனால் எதைக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் அளக்க வேண்டும். மீட்டர் என்றாலே கட்டணம் வரப்போகிறது என்று எங்கள் ஊரில் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது; நான் குறை சொல்ல மாட்டேன். மின்வாரியக்காரர் வந்தால் கதவு திறக்காது. பக்கத்துக் காலேஜ் பையன் வந்தால் மோர் கொடுத்து உட்கார வைப்பார்கள். இதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு.

ஆகவே தம்பி தங்கைகளே, உங்கள் ஃபைனல் இயர் பிராஜெக்டை வெளியே காசு கொடுத்து வாங்காதீர்கள். (சிரிக்காதீர்கள், நாங்களும் அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள்தான்.) ஒரு கிளாம்ப் மீட்டர், ஒரு 200 லிட்டர் டிரம், ஒரு ஸ்டாப் வாட்ச், நீர்மட்டம் பார்க்க ஒரு நீளக் கயிறு. இவ்வளவு போதும். டிரம் எத்தனை நொடியில் நிரம்புகிறது, அப்போது மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, வோல்ட்டேஜ் என்ன, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, போருக்கு எவ்வளவு கடன், அதில் எவ்வளவு பாக்கி என்று எழுதுங்கள். கல்லூரியைச் சுற்றி நூறு கிணறு. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கி, பவானி உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுவது என்று ஏற்பாடாகியிருக்கிறது. அந்தக் குளங்களுக்குப் பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறுகிறதா, ஏறினால் அதை யார் இறைக்கிறார்கள் என்பதை வருஷா வருஷம் அளந்து வைக்க ஒரு கல்லூரியால் முடியும். பத்து பேட்ச் மாணவர்கள் எழுதி வைத்தால் பத்து வருஷக் கணக்கு கையில் இருக்கும்.

முன்னாள் மாணவ நண்பர்களே, பேச்சோடு நிற்காமல், முதல் ஐந்து செட் கருவிகளுக்கான செலவை எங்கள் 2011 பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. நேற்று ராத்திரிதான் வாட்ஸ்அப்பில் வசூல் செய்தேன். மீதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்கு முன் என்னைப் பார்க்கவும்.

முதல் கிணற்றுக்கு நானே கூட்டிப் போகிறேன். பெரியப்பாவிடம் மிச்சமிருக்கும் பாதித் தோட்டத்தில் அந்த 400 அடி போர் இன்னும் இருக்கிறது. போன மாசம் கேட்டேன். "வந்து அளந்து பாருங்க கண்ணு, தண்ணி ஏறியிருந்தா சந்தோஷந்தானே" என்றார்.