லித்தியமும் வியர்வையும்

பீன்யாத் தொழிற்பேட்டையின் வார்ப்படப் பட்டறைகளில் உழைக்கும் நம்மவர் ஒருவர், தள்ளாடி நடந்து நாக்குழறிப் பேசினால், "குடித்திருக்கிறான்" என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அவர் லித்தியம் மாத்திரை உட்கொள்பவராயின், அத்தீர்ப்பு அவர் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்க்கு இது நல்ல மருந்து. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் இதன் பயனை வெளியிட்டார். ஆயினும் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. உலை வெப்பத்தில் வியர்த்து உடலில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும். அத்துடன் லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். மாத்திரையின் அளவு மாறாமலே இரத்தத்தில் மருந்து மிகுந்துவிடும். வாந்திபேதியிலும் இதே நிலைதான். ஆகவே சோறாக்கிப் போடுபவரே இங்குச் செவிலியர். உப்பைத் திடீரெனக் குறைத்தலாகாது. தண்ணீர் தாராளமாகத் தருக. உப்பில்லா நோன்பு இவருக்கு வேண்டாம், தெய்வம் கோபித்துக்கொள்ளாது! மேல்வலிக்கு இப்யூபுரோஃபன் போன்றவற்றை மருத்துவரைக் கேளாமல் வாங்கித் தருவதும் ஆபத்து.

குறிப்பிட்ட நாளில் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னரே இரத்தம் கொடுக்க வேண்டும்.

கை கடுமையாக நடுங்குதல், வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல் ஆகியவை கண்டால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி, உடனே அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையம், 1974இல் நிம்ஹான்ஸ் ஆகி ஓசூர் சாலையில் இயங்குகிறது. ஆயினும் நகரின் மறுகோடி வரை போய்க் காலந்தாழ்த்த வேண்டா. கன்னடம் வாராதெனத் தயங்கவும் வேண்டா. மாத்திரை அட்டையைக் காட்டி, கடைசியாக விழுங்கிய நேரத்தைச் சொன்னால் போதும்.