பார்த்தவர் சொல்



திரைப்படம் பார்த்து வெளியே வருவோர் வாயிற்படியிலேயே தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். ‘நல்ல படம்’, ‘ஒரே இழுவை’, ‘அந்த ஓர் இடம் போதும்’ என்ற அளவில் அது முடிந்துவிடும். கற்றோர் எழுதும் திறனாய்வு நூலகம் சேர்கிறது. பார்த்தவர் சொல்லோ பேருந்து நிறுத்தத்தோடு கரைந்துபோகிறது. அவ்வாறு கரைந்தவற்றுள் திறனாய்வாளர் காணத் தவறியவையும் உண்டு.

பி. ஆர். சோப்ராவின் ‘மகாபாரதம்’ 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை 94 பகுதிகளாகத் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. இந்தி அறியாத தமிழ்ச் சிற்றூர்களிலும் ஞாயிறு காலையில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டுத் திண்ணைகள் நிரம்பின. செய்யாற்றுப் பக்கத்தில் அவ்வாறு அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், துகிலுரியும் பகுதி முடிந்ததும் பேரனிடம், “ஏண்டா, துச்சாதனன் சூடம் கொளுத்தினது எப்போ? என் கண்ணுல படலியே” என்று கேட்டாராம். திண்ணை முழுதும் சிரித்தது.

சிரிப்பதற்குரிய கேள்வியன்று அது. செய்யாற்று வட்டாரம் தெருக்கூத்து தழைத்த நிலம். கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை அங்குதான் உள்ளது. திரௌபதியம்மன் விழாக்களில் துகிலுரிதல் நிகழ்த்தப்படும்போது, துச்சாதனன் வேடம் புனைந்தவர் சேலையைத் தொடுமுன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் பிழை பொறுக்க வேண்டுவது வழக்கம். காண்போரும் கைகூப்புவர். நடிப்பேயாயினும் ஒரு பெண்ணின் மானத்தின்மேல் கை வைப்பது குற்றம். காட்டுவோர்க்கும் காண்போர்க்கும் அதில் பங்குண்டு என்பதை அந்தச் சிறு சுடர் உணர்த்திவிடுகிறது. தொலைக்காட்சியிலோ வளர்ந்துகொண்டே போகும் சேலை இருந்தது, இசை இருந்தது, கண்ணன் அருள் இருந்தது. தொட்ட கை எவரிடமும் பொறுத்தருள வேண்டவில்லை. பெண்ணுடலைத் திரை காட்டும் முறை குறித்துப் பின்னர் எழுதப்பட்ட நீண்ட கட்டுரைகள் பலவும் சுற்றிவளைத்துச் சேரும் இடம் அம்மூதாட்டி நின்ற இடமே.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டவர்கள், ஆடலும் பாடலும் கண்டு கேட்டு மகிழும் அவையிலிருந்தே தம் விளக்கத்தைத் தொடங்குகின்றனர். காண்போன் உள்ளத்து நிகழ்வதைப் பொருட்படுத்திய மரபு நம்முடையது என்பதற்கு அதுவே போதும்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி எழுந்தது. அதன் இறுதியில் ஊரே திரண்டு கொடியவன் ஒருவனை ஆற்றில் இறக்குகிறது. ஊரார் செய்தது நீதியா, அவர்களும் அவனைப்போல் ஆயினரா என்று அறிஞர் வழக்காடுவர். படம் பார்த்துத் திரும்பிய தாய் ஒருத்தியின் கருத்து ஒரே தொடர்: “அந்தப் புள்ளைங்க ரெண்டும் ராத்திரி எங்க போய்ப் படுக்கும்?” நீதி வழங்கிய ஊர் அதை எண்ணவில்லை, வழக்காடும் அறிஞரும் எண்ணுவதில்லை.

பார்த்தவர் சொல் எல்லாம் பொன்னென்று கொள்ள வேண்டுவதில்லை. நூறு நாள் ஓடியது, ஆகவே நல்ல படம் என்பவர் உரைப்பது கொட்டகைக்காரர் கணக்கு. பாமரர் வாய்மொழி என்பதற்காகவே எதையும் போற்றுவதும் ஒருவகை இளக்காரந்தான். கருத்து ஆளுக்கு ஆள் மட்டுமன்றி ஆண்டுக்கு ஆண்டும் மாறும். பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தை இளமையில் ‘இழுவை’ என்று ஒதுக்கிய எழுத்தர் ஒருவர், பின்னாளில் கடன் பெற்று மனையில் கடைக்கால் தோண்டியபோது அதனை மீண்டும் பார்த்தார். “பேய்ப்படம் கூட இப்படிப் பயமுறுத்தியதில்லை” என்றார். படம் அதேதான், இடையில் சிமெண்டு விலை அவருக்குத் தெரிந்திருந்தது. சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா, கட்டி முடியாத அவ்வீட்டைக் காண வரும் காட்சியில் அவர் எழுந்து வெளியே போய்விட்டாராம். அதற்கு மேல் அவர் விளக்கம் தரவில்லை.

செய்யாற்று மூதாட்டிக்கும் அன்று எவரும் விடை தரவில்லை. ஆயினும் அடுத்த ஞாயிறு அவர் முன்னதாகவே வந்துவிட்டார். தொடர் தொடங்குமுன் முந்தானையில் முடிந்து வந்திருந்த கற்பூரத்தை அவிழ்த்து, பெட்டியின் முன் தாமே ஏற்றிவிட்டு அமர்ந்தார் என்பர்.