கவனச் சிதறலும் கடும் தண்டனையும்

(சாலைப் பாதுகாப்புக் குறித்து நிகழ்த்தப்பெற்ற உரை)

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது போனக்காடு. ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டமே இவ்வூரின் தோற்றுவாய். தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்குள்ள லயங்களில் வாழ்கின்றனர். தேயிலைத் தொழிற்சாலை இயங்காமற் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கூலி வேலை, மருத்துவம், மேற்படிப்பு, சந்தை ஆகிய எல்லாவற்றிற்கும் விதுராவுக்கோ அதற்கப்பாலோ இறங்கித்தான் செல்ல வேண்டும். காட்டினூடே வளைந்து ஏறும் குறுகிய மலைச்சாலையே அவர்களுடைய வாழ்க்கைப் பாதையாகும்.

அகத்தியர் மலைக்குச் செல்வோரின் மலையேற்றமும் இவ்வூரிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே அரசுப் பேருந்து, ஜீப், தொழிலாளியின் இருசக்கர வண்டி, சுற்றுலாப் பயணியின் கார் ஆகிய அனைத்தும் இச்சாலையைப் பகிர்ந்து கொள்கின்றன. இத்தகைய சாலையில் ஓட்டுநரின் கண் கைபேசியின் பக்கம் திரும்பினால் என்ன நேரும்?

விடையைக் கணக்கே கூறிவிடுகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 10 மீட்டர் தூரம் கடக்கிறது. வந்த செய்தி யாருடையது என்று பார்க்க 3 விநாடி போதும். அதற்குள் வண்டி 30 மீட்டர் தூரம் பார்வையின்றியே ஓடிவிடுகிறது. மலைச்சாலையின் கொண்டையூசி வளைவில் 30 மீட்டருக்கு அப்பால் வருவது பல வேளைகளில் கண்ணுக்கே புலப்படுவதில்லை.

சிதறுவது கண் மட்டுமன்று

கவனச் சிதறல் மூவகைப்படும்: கண் சாலையை விட்டு விலகுவது, கை சக்கரத்தை விட்டு விலகுவது, மனம் ஓட்டும் பணியை விட்டு விலகுவது. கைபேசி இம்மூன்றையும் ஒருங்கே விளைவிக்கிறது. கைபேசியைப் பயன்படுத்தும் ஓட்டுநர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. காதுக்கருவி கைகளை விடுவிக்குமேயன்றி மனத்தை விடுவிப்பதில்லை. 2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், ஆளில்லா ரயில்வே கடவையில் பள்ளி வாகனத்தின் மீது ரயில் மோதிப் 13 குழந்தைகள் மாண்டனர். ஓட்டுநர் காதுக்கருவி அணிந்திருந்ததாக முதற்கட்ட விசாரணையில் தெரிவிக்கப்பட்டது.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். இவர்களுள் 3,395 பேரின் மரணம் கைபேசிப் பயன்பாட்டின் கீழ்ப் பதிவாகியுள்ளது. நூற்றுக்கு இரண்டு என்ற இவ்விகிதத்தைக் கண்டு ஆறுதல் கொள்ளலாகாது. மதுவின் அளவைச் சோதனை காட்டும். கைபேசியைப் பார்த்துக் கொண்டிருந்ததை ஓட்டுநரே ஒப்புக்கொண்டாலன்றி அறிவது கடினம். ஆதலின் இத்தகைய விபத்துகளிற் பல, அதிவேகம் போன்ற வேறு தலைப்புகளின் கீழ்ச் சென்று சேர்வது இயல்பே.

சட்டம் கடந்து வந்த பாதை

சாலை விபத்துகள் குறித்துக் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. வண்டி ஓட்டுகையில் கைபேசியைப் பயன்படுத்துவோரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதங்கள் நிறுத்தி வைக்குமாறு அக்குழு 2015ஆம் ஆண்டில் மாநிலங்களைப் பணித்தது. எனினும் சட்டத்தில் தெளிவு இல்லை. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தாலன்றி, வண்டி ஓட்டுகையில் கைபேசியிற் பேசுவது மட்டுமே கேரளக் காவல் சட்டத்தின் கீழ்க் குற்றமாகாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

இக்குறையை 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் நீக்கியது. கையிற் பிடித்துப் பயன்படுத்தும் தொடர்புக் கருவி, 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலின் ஒரு வகையாக வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. முதற் குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ. 1,000 முதல் ரூ. 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும்; மூன்றாண்டுக்குள் மீண்டும் அதே குற்றம் புரிந்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ரூ. 10,000 அபராதம், அல்லது இரண்டும். புதிய அபராதங்கள் கடுமையானவை என்ற எதிர்ப்பு எழவே, குஜராத்தும் கேரளமும் உள்ளிட்ட மாநிலங்கள் சில குற்றங்களுக்கான சமரசக் கட்டணத்தைக் குறைத்தன.

அளவா, உறுதியா?

இங்கே பொருளியல் கூறும் பாடம் ஒன்று உண்டு. தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764ஆம் ஆண்டிலேயே எழுதினார். குற்றம் புரிய எண்ணுபவன், பிடிபடும் வாய்ப்பையும் தண்டனையின் அளவையும் சேர்த்தே எடைபோடுகிறான் என்பதை அமெரிக்கப் பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1968ஆம் ஆண்டில் விளக்கினார். ரூ. 5,000 அபராதத்தில் ஆயிரத்தில் ஒரு முறையே அகப்படுபவனுக்கு, ஒவ்வொரு முறையும் அது 5 ரூபாய்ச் செலவுதான். ரூ. 500 அபராதத்தில் பத்தில் ஒரு முறை அகப்படுபவனுக்கோ அது 50 ரூபாய்.

பிடிபடும் வாய்ப்பைப் பெருக்கவே கேரள அரசு 2023 ஜூன் மாதம் முதல், 700க்கு மேற்பட்ட கேமராக்களின் துணையுடன் அபராதம் விதிக்கத் தொடங்கியது. மாநிலத்தில் 2022ஆம் ஆண்டில் 4,317ஆக இருந்த சாலை மரணங்கள் 2023ஆம் ஆண்டில் 4,080ஆகக் குறைந்தன. விபத்துகளின் எண்ணிக்கையோ உயர்ந்தது. எனவே முழுப் பயனையும் கேமராவுக்கே உரியதாக்க இயலாது. விதிக்கப்பட்ட அபராதத்தில் பெரும்பகுதி முதலாண்டில் வசூலாகவும் இல்லை. வசூலாகாத அபராதம் எச்சரிக்கையாகுமேயன்றித் தண்டனையாகாது.

நியாயம் பற்றிய கேள்வியும் உண்டு. ரூ. 2,000 அபராதம் வசதி படைத்தவருக்கு ஒரு வேளை விருந்தின் செலவு. தோட்டத் தொழிலாளிக்கோ பல நாட்கூலி. உரிமத்தை நிறுத்தி வைப்பது இருவரையும் ஏறக்குறைய ஒரே அளவில் கட்டுப்படுத்தும். பிரிட்டனில் 2017ஆம் ஆண்டு முதல் இக்குற்றத்திற்கு 200 பவுண்டு அபராதத்துடன் உரிமத்தில் ஆறு தண்டனைப் புள்ளிகளும் பதியப்படுகின்றன. உரிமம் பெற்று இரண்டாண்டு நிறையாதவர் ஆறு புள்ளிகளிலேயே உரிமத்தை இழக்கிறார்.

கேமரா இல்லாத சாலை

மின்னணுக் கண்காணிப்பு பற்றிய 2021ஆம் ஆண்டின் மத்திய விதிகள், ஆபத்து மிகுந்த நெடுஞ்சாலைப் பகுதிகளையும் பெருநகரச் சந்திப்புகளையும் முன்னிறுத்துகின்றன. வளங்கள் குறைவாயிருக்கையில் அது பொருத்தமான வரிசையே. ஆனால் போனக்காடு போன்ற மலைச்சாலைகள் அவ்வரிசையின் கடைசியில் நிற்கின்றன. விபத்துக்குப் பின்னுள்ள முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டம் 'பொன்னான நேரம்' என வரையறுக்கிறது. மலையிலிருந்து காயமுற்றவரைத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்வதற்குள் அந்நேரம் கடந்துவிடக்கூடும். எனவே இங்கு விபத்தைத் தடுப்பதே சிறந்த மருத்துவம்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. காட்டுச் சாலைகளில் வனத்துறையின் சோதனைச் சாவடியில் வாகனங்கள் எப்படியும் நிற்கின்றன. விடுமுறை நாட்களில் அங்கே போக்குவரத்துத் துறை அலுவலர் ஒருவர் இருந்து, கைபேசியை எட்டாத இடத்தில் வைக்கச் செய்யலாம். வண்டியை ஒதுக்கி நிறுத்திப் பேசுவதற்குரிய இடங்களைச் சாலையோரம் குறித்து வைக்கலாம். மீண்டும் மீண்டும் தவறு செய்வோரின் உரிமத்தைத் தாமதமின்றி நிறுத்தலாம்.

இறுதியாக, ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் இரு முனைகள் உண்டு. சட்டம் ஒரு முனையில் இருப்பவரை மட்டுமே தண்டிக்கிறது. ஓட்டுநர் சாலையில் இருக்கிறார் என்று அறிந்தும் 'எங்கே வந்துகொண்டிருக்கிறாய்?' என்று கேட்கும் அலுவலரும், முதலாளியும், வீட்டாரும் மறுமுனையில் இருக்கின்றனர். அவர்களுக்கு அபராதம் இல்லை; பொறுப்பு உண்டு. அழைப்பைச் சற்றே தள்ளிப்போடும் வழக்கம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் வேரூன்றுமானால், கேமரா எட்டாத மலைவளைவிலும் சட்டத்தின் நோக்கம் நிறைவேறும்.