குடிநோயாளர் கூட்டமும் நம் வாசகசாலையும்

(வெள்ளி விழா அரங்கில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் 25 ஆண்டுப் பணியைப் பலரும் பாராட்டிப் பேசினர். பட்டம் பெற்றோர் எத்துணைப் பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் எத்துணைப் பேர் எனக் கணக்கும் படிக்கப்பட்டது. அக்கணக்கில் இடம்பெறாத ஒருவரைப் பற்றிப் பேசவே நான் நேரம் கேட்டேன். அவர் என் தமையனார். சங்கத்தின் உதவித்தொகையை முதலாண்டிலேயே பெற்றவர். ஆசிரியராகி, குடியினால் அப்பணியை இழந்தவர். அவருடைய இசைவுடனேயே பேசுகிறேன். "சொல்லடா, ஊருக்குத் தெரியாததா?" என்றார்.

மற்றவன் குடித்தால் அஃது அவனுடைய குற்றம். நம்மவன் குடித்தால் அது சாதியின் குணம். ஊர் வழங்கும் நீதி இதுதான். அப்பழிக்கு அஞ்சி நாங்கள் அவரை 4 ஆண்டுகள் வீட்டுக்குள் மறைத்து வைத்தோம். அவர் பள்ளிக்குச் செல்லாத நாள்களில் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நானே. அந்த 4 ஆண்டுகளில் நோய் முற்றியது.

2016-இல் ஒரு மருத்துவர், "ஏ.ஏ. கூட்டத்திற்கு அழைத்துச் செல்லுங்கள், பக்கத்து நகரில் புதன்கிழமைதோறும் மாலையில் நடக்கிறது" என்றார். 22 கிலோமீட்டர் சென்றோம். பெயர்ப் பலகை இல்லை. அவர் குறிப்பிட்ட பள்ளியின் காவலாளிக்கும் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தோம். எவர் கண்ணிலும் படாமல் திரும்பினோமே என்று என் உள்ளம் மகிழ்ந்ததை இன்று ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வாரம் மருத்துவர் ஒரு தொலைபேசி எண் கொடுத்தார். எதிர்முனையில் பேசியவர், "தேடாதீர்கள்; நானே பேருந்து நிலையத்தில் நிற்கிறேன்" என்றார். நின்றார். பள்ளியின் பின்கட்டில் இருந்த அறைக்கு அழைத்துச் சென்றார்.

இவ்வியக்கம் பிறந்ததே ஒரு தொலைபேசி அழைப்பினால்தான் எனப் பின்னர் அறிந்தேன். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், தொழிலில் தோற்று விடுதிக் கூடத்தில் நின்ற பில் வில்சன் என்பவருக்கு மீண்டும் குடிக்கும் வேட்கை எழுந்தது. அவர் மதுக்கூடத்திற்குச் செல்லாமல், தம்மைப் போன்ற வேறொரு குடிநோயாளியைத் தேடித் தொலைபேசியை எடுத்தார். அவ்வாறு கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். இருவரும் பேசினர், இருவரும் மீண்டனர். இந்தியாவில் இவ்வியக்கம் 1957-இல் தொடங்கிற்று.

அவ்வறையில் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன, தேநீர் இருந்தது. பதிவேடு இல்லை, கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குரிய தகுதி. அன்று குடும்பத்தாரும் அமரக்கூடிய திறந்த கூட்டம்; ஆதலால் நானும் உடனிருந்தேன். தந்தை பெயர், ஊர்ப் பெயர் ஏதுமின்றித் தம் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார் அண்ணன். எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அனைவரின் குவளைகளையும் கழுவியவர் ஏக்கர் கணக்கில் நிலமுடைய ஒருவர். எனினும் அங்கே சாதி அற்றுப்போய்விட்டது என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். மறுவாரம் கடைத்தெருவில் கண்டபோது முகம் திருப்பிக்கொண்டவரும் அக்குழுவில் உண்டு.

இறைவன் பெயர் அங்கே வருகிறதே என நம் பகுத்தறிவு இளைஞர்கள் தயங்கக்கூடும். அண்ணனும் தயங்கினார், தம்மினும் பெரிய ஆற்றலாக அக்குழுவையே கொண்டார். அவரவர் உணர்ந்தவாறு கொள்ளலாம் என்பதே அவர்கள் வழக்கு.

நம் பெரியவர் ஒருவர், "1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்றன்றோ? அதைச் சொல்லித் திருத்தினால் போதாதா?" என்று என்னிடம் கேட்டார். உறுதிமொழி உயர்ந்ததுதான். ஆனால் விடியற்காலையில் கை நடுங்க, கடை திறக்கும் வரை வாயிலில் காத்திருப்பவனால் தனித்து நின்று அதனைக் காக்க இயலாது. மேலும், நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். அத்தகையோரை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னர் கூட்டத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். எங்குச் செல்வது என அறியாதோர் 14446 என்னும் அரசின் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் நிறுவிய மருத்துவ நிலையத்தார், மஞ்சக்குடி என்னும் சிற்றூருக்கே சென்று முகாம் அமைத்துச் சிகிச்சை அளித்திருக்கின்றனர்.

சிற்றூருக்கே வரவேண்டும் என்பதுதான் என் பேச்சின் பொருளும். அண்ணன் இருமுறை வழுக்கி விழுந்து, மூன்றாம் முறை நின்றார். எங்கள் தெருவினர் மற்றொருவர் அவருடன் இரண்டு வாரம் வந்தார். கூலிவேலை முடிந்து அவர் வீடு திரும்புமுன் பேருந்து போய்விடும்; ஆகவே நின்றுவிட்டார். சென்ற ஐப்பசியில் அவரை அடக்கம் செய்தோம். அவருடைய மகள் நம் மாலை வகுப்பில் படிக்கிறாள்.

ஆகவே, ஞாயிறு மாலைகளில் பூட்டிக் கிடக்கும் நம் வாசகசாலையை ஒரு மணி நேரம் இக்கூட்டத்திற்குத் திறந்துவிடுமாறு வேண்டுகிறேன். குடிநோயாளர் இருவர் சேர்ந்தாலே குழு தொடங்கிவிடலாம். அண்ணன் ஒருவர் இருக்கிறார். சங்கம் இதனை நடத்த இயலாது. ஆண்டறிக்கையில் நம் சாதனையாக எழுதிக்கொள்ளவும் இயலாது. வெளியார் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லை. தங்களுக்குள் திரட்டிய காசிலிருந்து வாடகை தருவார்கள். சிறு தொகையாயினும் பெற்றுக்கொள்ளத்தான் வேண்டும். உள்ளே வருபவர் எவர் என நாம் எட்டிப்பார்க்கவும் கூடாது. நம் ஊரில் இது கடினம் என்பதை அறிவேன்.

"குடிகாரர் சங்கம் என்று ஊர் ஏசுமே" என்கின்றனர் சிலர். ஏசும். அவ்வேச்சுக்கு அஞ்சி நான் எழுதிய விடுப்புக் கடிதங்களைப் பற்றி முன்னரே சொன்னேன்.

தீர்மானத்தை எழுத்து வடிவில் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். நாளைய பொதுக்குழுவில் அதனை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டி அமர்கிறேன்.