செக் நாட்டுத் தங்கம் போன வழி



சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசெல் நகரிலே ஒரு வங்கி உண்டு. உழவன் அங்கே கடன் கேட்க இயலாது; வணிகன் கணக்குத் திறக்க இயலாது. நாடுகளின் மத்திய வங்கிகளே அதன் வாடிக்கையாளர், உடைமையாளரும் அவையே! பன்னாட்டுத் தீர்வு வங்கி என்பது பெயர். முதல் உலகப் போரிலே தோற்ற ஜெர்மனி செலுத்தவேண்டிய இழப்பீட்டை வாங்கிப் பங்கிட 1930-இல் நிறுவினார்கள். 1932-க்குள் இழப்பீடே நின்றுபோயிற்று. பிறந்த காரணம் மறைந்தது; பிள்ளை மட்டும் வளர்ந்தது.

வளர்ந்த பிள்ளை செய்தது என்ன? 1939 மார்ச் 15-இல் இட்லரின் படை பிராகு நகருக்குள் புகுந்தது. செக் தேசிய வங்கி, முன்னெச்சரிக்கையாகத் தன் தங்கத்தில் ஒரு பகுதியை லண்டனிலே, இங்கிலாந்து வங்கியின் நிலவறையிலே, பாசெல் வங்கியின் பெயரால் வைத்திருந்தது. பகைவன் கைக்கு எட்டாத இடம் என்றுதான் நம்பினார்கள், பாவம்! நாஜிகள் செக் வங்கியின் அதிகாரிகளை மிரட்டி ஒரு கட்டளையை எழுதி வாங்கினர். கட்டளை பாசெலுக்குப் போயிற்று. பாசெலிலிருந்து லண்டனுக்கு வந்தது. 23 டன் தங்கம், ஏட்டிலே ஒரு வரி மாறியதால், ஜெர்மன் ரைக்ஸ் வங்கியின் கணக்கிலே சேர்ந்துவிட்டது! குண்டு வெடிக்கவில்லை, கதவு உடையவில்லை. கட்டளை முறைப்படி வந்தது, நாங்கள் நிறைவேற்றினோம் என்பதே வங்கியாளர் வாதம். கையெழுத்தைச் சரிபார்த்தார்கள், கழுத்திலே இருந்த கத்தியைப் பார்க்க மறுத்தார்கள்.

1944-இல் பிரெட்டன் உட்ஸ் மாநாடு, இவ்வங்கியைக் கூடிய விரைவிலே கலைத்துவிடவேண்டுமெனத் தீர்மானித்தது. கலைத்தார்களா? இல்லை. நாஜிகள் கொள்ளையடித்த தங்கத்திலே தன்னிடம் வந்துசேர்ந்த 3,740 கிலோவை 1948-இல் திருப்பித் தந்தது, தப்பித்துக்கொண்டது. ஐரோப்பிய நாடுகளுக்கிடையே கொடுக்கல் வாங்கலைச் சீராக்கும் பணியையும் 1950-இல் ஏற்றுச் செம்மையாகவே நடத்திற்று, அதை மறைப்பானேன்?

இன்று 63 மத்திய வங்கிகள் அதில் உறுப்பினர். நமது ரிசர்வ் வங்கி சேர்ந்தது 1996-இல். அங்கே கூடும் பாசெல் குழு, வங்கிகள் தமது கடன்களின் இடர்ப்பாட்டுக்கேற்ப 8 விழுக்காடு மூலதனம் வைத்திருக்கவேண்டுமென 1988-இல் விதி வகுத்தது. வங்கி முறிந்தால் வாடுபவன் சேமித்த ஏழையே. ஆகவே விதி வேண்டியதுதான். ஆனால், வகுத்தவர் யார்? எந்த நாட்டு வாக்காளர் அவர்களை அமர்த்தினார்? இந்தியா 1992-இலேயே அவ்விதியைப் பின்பற்றத் தொடங்கிவிட்டது. விதி வகுக்கும் குழுவிலே நமக்கு நாற்காலி கிடைத்ததோ, 2009-இல்!