பிள்ளை கல்லூரிக்குப் போகிறது



நம் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. நாம் அந்த வாசலை மிதித்ததில்லை. இருந்தாலும் நாம் செய்ய வேண்டியவை உண்டு.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். உதவித்தொகை வங்கி வழியாக வரும். பிள்ளை பெயரில் கணக்குத் தொடங்குங்கள்.

துணி துவைக்க, சோறு பொங்க, செலவுக் கணக்கு எழுதப் பழக்குங்கள். மகனுக்கும் மகளுக்கும் இது பொது.

மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்துவதற்கு ராகிங் என்று பெயர். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்து அதைத் தடுத்தது. புகார் சொல்ல 1800-180-5522 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.

“எது நடந்தாலும் எங்களிடம் சொல். திட்ட மாட்டோம்” என்று இப்போதே சொல்லுங்கள். அந்தச் சொல்தான் பிள்ளைக்குத் துணை.